ரோவரின் பெரிய கார்கள்: சோலிஹல்லில் தொடங்கி வண்டலூர் வரை

1979 மே 4. தேர்தலில் ஜெயித்த மார்கரெட் தாட்சர், டவுனிங் தெரு பத்தாம் எண் வாசலில் ஒரு பெரிய ரோவர் காரில் வந்து இறங்கினார். அந்தக் காரை அன்றைக்கு எந்த ஷோரூமிலும் வாங்க முடியாது. அதன் உற்பத்தி 1973-லேயே முடிந்துவிட்டது. கடைசியாக வந்த வண்டிகளில் ஒரு தொகுதியை பிரிட்டிஷ் அரசு வாங்கிப் பத்திரப்படுத்தி, தேவைப்படும்போது எடுத்து அமைச்சர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. விற்பனைப் பெயர் ரோவர் 3.5 லிட்டர். கம்பெனிக்குள் பி5பி என்பார்கள்.

இத்தனைக்கும் அதே ரோவர் கம்பெனி 1976-ல் புத்தம் புதிய பெரிய கார் ஒன்றை இறக்கியிருந்தது. எஸ்டி1 என்ற அந்த வண்டி, 1977-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. வேகத்திலும் அழகிலும் குறை சொல்ல முடியாது. அப்படியும் புதிய பிரதமர் வந்தது பழைய வண்டியில்தான்.

1949 முதல் 1986 வரை ரோவர் வரிசையாகச் செய்த பெரிய கார்கள் நான்கு: பி4, பி5, பி6, எஸ்டி1. வாங்குபவர் கண்ணில் படாத இடத்தில் காசைப் போடுவது அந்தக் கம்பெனியின் குணம். முதல் மூன்று கார்களும் பேர் வாங்கியது அதனால்தான். நாலாவது காரில் அந்தக் குணம் போனது, கூடவே பேரும் போனது. என் பார்வையில் இந்த வரிசையின் கதையே இதுதான்.

ரோவர் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக் கம்பெனி. ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் செய்த ரோவர் சைக்கிள்தான், ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின் என்று, இன்றைய சைக்கிளுக்கெல்லாம் முன்னோடி. 1904-ல் காருக்கு வந்தார்கள். 1920களின் முடிவில் கம்பெனி தள்ளாடியபோது, ஹில்மேன் கம்பெனியிலிருந்து ஸ்பென்சர் வில்க்ஸ் வந்து நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். பின்னாலேயே அவர் தம்பி மாரிஸ் வில்க்ஸ் எஞ்சினியராக வந்து சேர்ந்தார். அண்ணன் நிர்வாகம், தம்பி பட்டறை. பிற்பாடு மாரிஸின் மைத்துனர் வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் நிர்வாக இயக்குநர் ஆனார். சகோதரர்களின் அக்காள் தங்கை வழி மருமகன் ஸ்பென் கிங் இந்த வரிசையின் பிந்தைய கார்களுக்கு முக்கிய எஞ்சினியர் ஆனார். இன்னொரு உறவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஸ்பென்சர் வில்க்ஸும், அதே ஊரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியை நடத்திய சர் ஜான் பிளாக்கும் சகலைகள். இருவரும் வில்லியம் ஹில்மேனின் மகள்களைக் கட்டியவர்கள்.

குடும்பக் கம்பெனி என்றால் சிக்கனமும் பிடிவாதமும் சேர்ந்தே இருக்கும். வில்க்ஸ் சகோதரர்கள் குறைவாகச் செய்தார்கள், நிதானமாகச் செய்தார்கள். டாக்டர், வக்கீல், வங்கி மேனேஜர் போன்றவர்களுக்கு விற்றார்கள். ஜாகுவார் மாதிரி பளபளப்பு இல்லை, ரோல்ஸ் ராய்ஸ் விலையும் இல்லை. நடுவில் இருந்த அந்த இடம் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 1940 நவம்பரில் ஜெர்மன் விமானங்கள் கோவென்ட்ரியைத் தரைமட்டமாக்கியபோது ரோவரின் பழைய ஆலையும் பலமாக அடிவாங்கியது. பர்மிங்காம் பக்கத்தில் சோலிஹல் என்ற இடத்தில், விமான எஞ்சின் பாகங்களுக்காக அரசு கட்டிக்கொடுத்த ஆலை இருந்தது. போர் முடிந்ததும் ரோவர் அங்கேயே குடியேறிவிட்டது. போர்க்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஃபிராங்க் விட்டிலின் ஜெட் எஞ்சினைத் தயாரிக்கும் வேலை முதலில் ரோவரிடம்தான் வந்தது. விட்டிலோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் ரோல்ஸ் ராய்ஸோடு ஒரு பண்டமாற்று: ஜெட் அவர்களுக்கு, மீட்டியர் டாங்க் எஞ்சின் இவர்களுக்கு. ஆனால் ஜெட்டில் கைவைத்த எஞ்சினியர்களுக்கு அந்த ஆசை விடவேயில்லை. அடுத்த இருபது வருடம் ரோவர் கார்களின் வடிவத்துக்குள்ளேயே அந்த ஆசை ஒளிந்திருந்தது.

போருக்குப் பிறகு பிரிட்டனில் உருக்கு ரேஷனில்தான் கிடைத்தது. ஏற்றுமதி செய்பவருக்கே உருக்கு என்பது அரசின் கட்டளை. உள்ளூர் டாக்டர்களை நம்பிய ரோவருக்கு இது பெரிய இடி. அப்போதுதான் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவில் இருந்த தன் பண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்த ராணுவ ஜீப்பைப் பார்த்து, அலுமினியத் தகட்டில் ஒரு பண்ணை வண்டியைச் செய்யலாம் என்று முடிவெடுத்தார். அலுமினியத்துக்கு ரேஷன் தொல்லை இல்லை. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டப்பட்ட லேண்ட் ரோவர் அதுதான். இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்க ஒரு ஏற்பாடு என்று நினைத்துச் செய்த வண்டி, கார்களையே விற்பனையில் மிஞ்சிவிட்டது. லேண்ட் ரோவர் ஈட்டிக்கொடுத்த பணம் இருந்ததால்தான் ரோவரால் தன் பெரிய கார்களை அவசரமில்லாமல் செய்ய முடிந்தது. கார்களின் கதையை மட்டும் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

முதல் கார் பி4. 1949 இலையுதிர் காலத்தில் ரோவர் 75 என்ற பெயரில் வந்தது. அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் காரைப் பார்த்து மாரிஸுக்கு மயக்கம். ஒரு ஸ்டூட்பேக்கரை வரவழைத்து, அதன் உடலைத் தங்கள் சேஸிஸ் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஆலையில் அதற்கு ரோவர்பேக்கர் என்றே பெயர். முதல் பி4 வண்டிகளில் முன் கிரில்லின் நட்டநடுவில் ஒற்றை விளக்கு இருந்தது. பழமைப் பிரியர்களான ரோவர் வாடிக்கையாளர்களுக்கு அது அதிர்ச்சி. 1952-ல் அந்த விளக்கை எடுத்துவிட்டார்கள். பிறகு இந்த வண்டி எவ்வளவு மரியாதைக்குரியதாக ஆனது என்றால், அன்போடு ‘ஆண்ட்டி’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பி4-இன் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தால் இந்தக் கம்பெனியின் மனது புரியும். வால்நட் மரமும் தோலும் எல்லோருக்கும் தெரியும், அவற்றைச் சொல்லவில்லை. டேஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் பெட்ரோல் முள் நகர்ந்து எஞ்சினில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று காட்டும். பானெட்டைத் திறந்து, குச்சியை உருவி, துணியில் துடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பெட்ரோல் தீர்ந்துபோனால் இன்னொரு குமிழை இழுத்து ரிசர்வுக்குப் போகலாம். முன் மட்கார்டின் மேலிருக்கும் சின்ன விளக்கின் தலையில் ஒரு சிவப்புக் கண்ணாடிப் பொட்டு. இரவில் விளக்கு எரிகிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ள அது. இதில் எதுவும் ஷோரூமில் கார் விற்க உதவாது. வாங்கி ஐந்து வருடம் ஓட்டியவருக்கு மட்டுமே அதன் அருமை தெரியும்.

கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியக் கலவை. எடையும் குறையும், துருவும் பிடிக்காது. எஞ்சினோ விசித்திரமானது. உள்ளே காற்றை விடும் வால்வு மேலே, புகையை வெளியே விடும் வால்வு பக்கவாட்டில். 1947 வரை பிரிட்டனில் கார் வரி சிலிண்டரின் விட்டத்தை வைத்துப் போடப்பட்டது. அதனால் சிலிண்டர்கள் ஒல்லியாக இருந்தன. ஒல்லிச் சிலிண்டரின் தலையில் இரண்டு வால்வையும் வைத்தால் இரண்டும் சிறியதாகிவிடும். ஒன்றைப் பக்கத்துக்குத் தள்ளினால் மற்றதைப் பெரிதாக வைக்கலாம், எஞ்சின் தாராளமாக மூச்சு விடும். செய்வதற்குச் செலவு அதிகம், ஓடும்போது அவ்வளவு மென்மை. 2,103 சிசியில் தொடங்கிய ஆறு சிலிண்டர் பிறகு 2.6 லிட்டர் வரை வளர்ந்தது. இதே வகை எஞ்சின் லேண்ட் ரோவரில் 1980 வரை ஓடியது.

பி4 பதினைந்து வருடம் விற்றது. சுமார் 1,30,000 வண்டிகள். 1962-ல் வந்த கடைசி மாடல்களான 95, 110 இரண்டிலும் அலுமினியக் கதவை விட்டுவிட்டு உருக்குக்கு மாறினார்கள். செலவைக் குறைக்கத்தான். வில்க்ஸ் காலத்திலும் கணக்குப்பிள்ளை ஜெயித்த நாட்கள் உண்டு என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதே பி4-இன் உடம்பை வெட்டி, மேற்கூரையை எடுத்து, 1950-ல் உலகின் முதல் கேஸ் டர்பைன் காரை, அதாவது ஜெட் எஞ்சின் போலச் சூடான வாயு விசிறியைச் சுழற்றி ஓட்டும் காரை, செய்தார்கள். ஜெட் 1 என்று பெயர், அதுவே பதிவு எண்ணும். 1952-ல் பெல்ஜியத்தின் ஜபேக் சாலையில் மணிக்கு 152 மைல், அதாவது சுமார் 244 கி.மீ. வேகம் தொட்டது. இன்று அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எரிபொருள் குடிப்பது மட்டும் அடங்கவில்லை. அது அடங்காததால்தான் டர்பைன் கார் கடைசிவரை கடைக்கு வரவில்லை.

1958-ல் பி5, அதாவது ரோவர் 3 லிட்டர். தனி சேஸிஸ் இல்லாமல் உடலே சட்டமாக நிற்கும் முதல் ரோவர் இது. ஆஸ்டின் கம்பெனியிலிருந்து வந்த டேவிட் பேச் என்ற இளைஞர் முழுதாக வரைந்த முதல் கார். பெரிய கார்தான், ஆனால் பகட்டு இல்லாத கம்பீரம். எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் ஒரு தனிச் சட்டத்தில் உட்கார்ந்து, ரப்பர் மெத்தைகளோடு உடலில் சேர்க்கப்பட்டிருந்ததால் கார் உள்ளே அவ்வளவு அமைதி. டேஷ்போர்டின் நடுவில் ஒரு தட்டை இழுத்தால் ஸ்பேனர், ஸ்குரூடிரைவர் எல்லாம் அதனதன் குழியில் படுத்திருக்கும். மந்திரிக்கான காரில், மந்திரி ஒருபோதும் தொடப்போகாத ஸ்பேனருக்கு அளவெடுத்து வெட்டிய இடம்! எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்த ஒரே ஒரு பாகத்தைச் சொல்லச் சொன்னால் இந்தத் தட்டைத்தான் சொல்வேன்.

ஹரால்டு வில்சன், எட்வர்டு ஹீத், ஜேம்ஸ் கேலகன், தாட்சர் என்று நான்கு பிரதமர்கள் இதில் போனார்கள். எலிசபெத் ராணி சொந்தமாகவே வைத்து ஓட்டினார். ஆனால் ஒரு குறை இருந்தது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு அந்த மூன்று லிட்டர் இரும்பு எஞ்சின் பற்றவில்லை. மெல்லக் கிளம்பும், மேட்டில் மூச்சு வாங்கும். அதைத் தீர்த்தது அமெரிக்காவில் தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு எஞ்சின்.

மார்ட்டின்-ஹர்ஸ்ட் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா போயிருந்தார். படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி மெரைன் கம்பெனிக்கு ரோவர் எஞ்சின்களை விற்க முடியுமா என்று பேசத்தான் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போனார். அங்கே பட்டறையில் ஒரு வி8 எஞ்சின், அதாவது எட்டு சிலிண்டர்கள் ‘வி’ வடிவில் நிற்கும் எஞ்சின், கிடந்தது. பியூயிக் காரிலிருந்து கழற்றியது, முழுக்க அலுமினியம், மூன்றரை லிட்டர். அளந்து பார்த்தார். தங்கள் நாலு சிலிண்டர் எஞ்சின் இருக்கும் இடத்தில் இது உட்காரும் என்று தெரிந்தது. எடையும் அதைவிடப் பெரிதாகக் கூடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் இந்த எஞ்சினை லட்சக்கணக்கில் செய்துவிட்டு, அலுமினிய வார்ப்பில் சேதம் அதிகம், மெல்லிய இரும்பு வார்ப்பு மலிவு என்று 1963-ல் ஏறக்கட்டியிருந்தது. 1965 ஜனவரியில் ரோவர் உரிமத்தை வாங்கியது. ஓய்வுபெறும் வயதில் இருந்த பியூயிக் எஞ்சினியர் ஜோ டர்லே இங்கிலாந்துக்கே வந்து உதவினார். வார்க்கும் முறையை மாற்றி, சிலிண்டரின் உள்உறையான லைனர்களைத் தனியாகச் செய்து அழுத்திப் பொருத்தினார்கள். அமெரிக்கர்களுக்குக் கைகொடுக்காத எஞ்சின் சோலிஹல்லில் கைகொடுத்தது.

1967-ல் இது பி5-க்குள் ஏறியது. பெயரின் கடைசியில் வரும் ‘பி’ பியூயிக்கைக் குறிக்கும். பழைய இரும்பு எஞ்சினைவிடச் சுமார் 90 கிலோ குறைவு, சக்தியோ எவ்வளவோ அதிகம். ஒன்பது வருடம் பழைய வடிவம் திடீரென்று இளமையாகிவிட்டது. மொத்தம் பதினைந்து வருடத்தில் பி5 விற்றது சுமார் 69,000 மட்டும். அந்த வி8 எஞ்சினோ ரேஞ்ச் ரோவர், மார்கன், எம்ஜி, டிரையம்ப் என்று பல வீடுகளில் வாழ்ந்து, லேண்ட் ரோவர் டிஸ்கவரியில் 2004 வரை வந்தது.

இனி பி6. பொறியியல் என்று பார்த்தால் இந்த வரிசையின் உச்சம் இதுதான் என்பது என் கருத்து. 1963 அக்டோபரில் ரோவர் 2000 என்று வந்தது. ஸ்பென் கிங், கார்டன் பேஷ்ஃபோர்டு, டேவிட் பேச் மூவரின் வேலை. இதில் பேஷ்ஃபோர்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பி4 தொடங்கி எஸ்டி1 வரை நாலு கார்களின் அடித்தளத்திலும் கைவைத்தவர். வெளியே அதிகம் பெயர் தெரியாத மனிதர்.

பி6-இல் முதலில் ஒரு எலும்புக்கூட்டைச் செய்தார்கள். எஞ்சின், சக்கரம், சீட்டு எல்லாம் அதோடு சேர்ந்துவிடும். வெளித்தகடுகள் ஒவ்வொன்றும் போல்ட்டில் மாட்டும் சட்டை மட்டுமே. மட்கார்டு நசுங்கினால் கழற்றி வேறு மாட்டலாம். சித்ரோயன் டிஎஸ் காரிலிருந்து எடுத்த யோசனை. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பின்பக்கம் டி தியோன் ஆக்சில். அதாவது எஞ்சின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் எடைமிக்க டிஃபரன்ஷியலை உடலிலேயே கட்டிவிட்டு, சக்கரங்களை மட்டும் ஒரு குழாயால் இணைத்து எப்போதும் நேராக நிற்கவைப்பது. பின் பிரேக்குகளும் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சக்கரத்தோடு குதிக்கும் எடை குறைந்தால் மேடுபள்ளத்தில் கார் ரோட்டை விடாது. அந்த பிரேக்கில் பேடு மாற்றுகிற மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துத் திட்டியிருப்பார். ஓட்டியவர் திட்டியிருக்க மாட்டார்.

முன்பக்க சஸ்பென்ஷன் இன்னும் வினோதம். எல்லா காரிலும் ஸ்பிரிங் நின்றுகொண்டிருக்கும். இதில் படுத்துக்கொண்டு, பின்னாலிருக்கும் தடுப்புச் சுவரைத் தள்ளும். எஞ்சின் அறை அகலமாகக் கிடைக்கும் என்பதற்காக அப்படி. எதற்கு அவ்வளவு அகலம்? ஒருநாள் கேஸ் டர்பைன் வரும் என்று இடம் விட்டு வைத்தார்கள். 1961-ல் செய்த டி4 என்ற டர்பைன் கார் ஏறக்குறைய பி6-இன் முகத்தோடுதான் இருந்தது. டர்பைன் வரவேயில்லை. 1968-ல் அந்த இடத்தில் வி8 வந்து கச்சிதமாக உட்கார்ந்தது.

பாதுகாப்பையும் அன்றைக்கு யாரும் யோசிக்காத அளவுக்கு யோசித்திருந்தார்கள். பெட்ரோல் டேங்க் பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால், மோதலில் நசுங்காத இடத்தில். ஸ்டியரிங் பெட்டி முன்னே நீட்டிக்கொண்டிராமல் பின்தள்ளி உயரத்தில். முட்டி இடிக்கும் இடத்தில் மெத்தை வைத்த பெட்டிகள். ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது 1964-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கிய கார் இதுதான். 1977 வரை சுமார் 3,22,000 விற்றது.

குறையும் உண்டு. டிக்கி சிறியது. ஸ்டெப்னியை டிக்கி மூடியின் மேலேயே மாட்டிக்கொள்ள ஒரு வசதியை விற்க வேண்டியிருந்தது. இன்னும் மோசம் துரு. சட்டை மாதிரி மாட்டிய தகடு பளபளப்பாக இருக்கும், உள்ளே எலும்புக்கூடு அரித்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காசு போட்டால் அங்கே வரும் நோயும் கண்ணுக்குத் தெரியாது. பழைய பி6 வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் முதலில் பின்சீட்டைக் கழற்றித்தான் பார்க்கிறார்கள்.

இதற்குள் கம்பெனியின் நிலைமை மாறிவிட்டது. 1967-ல் லாரி செய்யும் லேலேண்ட் கம்பெனியோடு ரோவர் சேர்ந்தது. அடுத்த வருடமே லேலேண்டும், ஆஸ்டின், மாரிஸ், ஜாகுவார் எல்லாம் அடங்கிய இன்னொரு பெருங்குழுமமும் ஒன்றாகி பிரிட்டிஷ் லேலேண்ட் ஆனது. நேற்றுவரை சந்தையில் மோதிக்கொண்ட ரோவரும் ஜாகுவாரும் டிரையம்பும் இன்று ஒரே கூரைக்குக் கீழே. ரோவர் 2000-உம் டிரையம்ப் 2000-உம் 1963-ல் ஒரே மாதத்தில், ஒரே வகை வாடிக்கையாளரைக் குறிவைத்து வந்தவை. இப்போது இரண்டையும் விற்பது ஒரே முதலாளி. பி5-க்கு வாரிசாக பி8 என்ற பெரிய காரை ரோவர் தயார் செய்துகொண்டிருந்தது. அது ஜாகுவாருக்குப் போட்டியாகும் என்ற கவலையில், பெரும்பணம் செலவான பிறகு 1971-ல் நிறுத்தினார்கள். பி5-க்கு நேரடி வாரிசே இல்லாமல் போனது இப்படித்தான். பழைய வண்டிகளை அரசு சேர்த்து வைத்ததற்கும் காரணம் இதுதான்.

மிஞ்சியது எஸ்டி1. குழுமத்துக்குள் ரோவர், டிரையம்ப் முதலானவை சேர்ந்த சிறப்புப் பிரிவின் முதல் கார் என்பது அந்தப் பெயரின் பொருள். வரைந்தது டேவிட் பேச், பொறியியல் ஸ்பென் கிங். அதே ஆட்கள்தான். ஃபெராரி டேடோனாவின் சாயலில், ஐந்து கதவோடு, தாழ்ந்து நீண்ட கார். 1976 ஜூன் மாதம் அதைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். டேஷ்போர்டில் மீட்டர்கள் ஒரு தனிப் பெட்டியில் இருந்தன. வலப்பக்க ஸ்டியரிங் நாட்டுக்கும் இடப்பக்க ஸ்டியரிங் நாட்டுக்கும் ஒரே டேஷ்போர்டு; பெட்டியை மட்டும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வைத்தால் போதும். பயணி பக்கத்துக் காற்றுத் துவாரம் இருக்கும் ஓட்டை, அடுத்த நாட்டில் ஸ்டியரிங் தண்டு வரும் ஓட்டை. சிக்கனத்திலும் ஒரு புத்திசாலித்தனம் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆனால் அடியில் குனிந்து பார்த்தால் டி தியோன் ஆக்சில் இல்லை. சாதாரண ஒற்றை ஆக்சில். பின்சக்கரத்துக்கு டிஸ்க் இல்லை, டிரம் பிரேக். ஸ்பென் கிங் இதற்காகத் தலைகுனியவில்லை. எளிய ஆக்சிலையும் சரியாகக் கட்டினால் நன்றாக ஓடும் என்று காட்டினார், ஓடியும் காட்டியது. அந்த அளவில் எஸ்டி1 மோசமான வடிவமைப்பு இல்லை. வடிவமைப்புக்கு வெளியேதான் எல்லாம் கெட்டது. சோலிஹல்லில் இந்தக் காருக்காகவே பிரம்மாண்டமான புதிய ஆலை கட்டினார்கள். குழுமமோ பணமில்லாமல் 1975-ல் அரசின் கைக்குப் போயிருந்தது. வேலைநிறுத்தம் மாற்றி வேலைநிறுத்தம். புதிய பெயின்ட் முறை சரிப்படாமல் பெயின்ட் உரிந்தது. கதவு சரியாகப் பொருந்தவில்லை, மின் கோளாறுகள் வேறு. டிரையம்ப் வடிவமைத்த ஆறு சிலிண்டர் எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்கு ஆயில் சரியாகப் போகாமல் தேய்ந்தது. விருது வாங்கிய காரை வாங்கக் காத்திருந்தவர்கள், வாங்கிய பிறகு சர்வீஸ் வாசலிலும் காத்திருந்தார்கள். ஆலையின் கொள்ளளவை உற்பத்தி எந்த வருடமும் நெருங்கவில்லை. 1982 வாக்கில் அந்தப் புதிய ஆலையை மூடிவிட்டு, எஸ்டி1-ஐ ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் கவ்லிக்கு மாற்றினார்கள்.

எனக்கு இதில் உண்மையிலேயே மனசு கஷ்டப்படுவது, கவ்லிக்குப் போன பிறகு வண்டி நன்றாக ஆனது என்பதுதான். 1982-ல் வந்த விட்டெஸ் மாடல் 190 குதிரைத்திறனோடு கார் பந்தயங்களில் வெற்றிமேல் வெற்றி வாங்கியது. போலீஸ்காரர்களுக்கு இந்தக் கார் என்றால் உயிர். 1987 மே மாதம், உற்பத்தி நின்று ஒரு வருடம் ஆன பிறகு, ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் இறங்கிய ஒரு கல்லீரலை லண்டன் குரோம்வெல் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை நெரிசல். லண்டன் போலீஸ் எஸ்டி1-இல் ஏற்றி, சுமார் 43 கி.மீ. தூரத்தை அரை மணி நேரத்தில் கடந்து ஒப்படைத்தது. சரி, இத்தனை திறமையும் முதல் நாளிலிருந்தே அந்தக் காருக்குள் இருந்ததுதானே? ஒழுங்காகக் கோத்துக் கொடுக்க ஆலையில் பொறுமை இல்லாமல் போனது. பத்து வருடத்தில் சுமார் 3,03,000 விற்று 1986-ல் நின்றது. அடுத்து வந்த ரோவர் 800, ஹோண்டாவோடு சேர்ந்து செய்தது, முன்சக்கரம் இழுக்கும் கார். வில்க்ஸ் காலத்து வரிசை எஸ்டி1-ஓடு அறுந்துவிட்டது.

முழுதாக அறுவதற்கு முன் அது சென்னைக்கும் வந்தது. ஜான் பிளாக்கின் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குச் சென்னையில் ஒரு கிளை முளைத்திருந்தது: ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் பக்கம் ஆலை. 1950களில் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் 8, 10, பென்னன்ட், ஹெரால்டு, கசெல் என்று தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய கார்கள் அங்கிருந்து வந்தவை. 1985-ல் அவர்கள் இறக்கிய பெரிய கார் ஸ்டாண்டர்ட் 2000. அது ரோவர் எஸ்டி1-தான்.

உடல் மட்டும்தான் எஸ்டி1. வி8 இல்லை. பானெட்டுக்கு அடியில் இருந்தது 1,991 சிசி நாலு சிலிண்டர் எஞ்சின். 1940களில் கோவென்ட்ரியில் வேன்கார்டுக்காக வரைந்து, ஃபெர்குசன் டிராக்டருக்கும் போன எஞ்சின் குடும்பம் அது. சக்தி சுமார் 80 குதிரைத்திறன். இங்கிலாந்தில் வி8 கொடுத்ததில் ஏறக்குறைய பாதி. நம் சாலைக்காக வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள், அந்தத் தாழ்ந்த அழகும் போனது. சகலைகள் நடத்திய இரண்டு கம்பெனிகளின் வேலை ஒரே காருக்குள் வண்டலூரில் சேர்ந்ததை நினைத்தால் வியப்பாக இருக்கிறது, ஆனால் ஜோடிப்பொருத்தம் சரியில்லை. கனமான உடல், வயதான எஞ்சின், பெட்ரோல் செலவு அதிகம். அதே சமயத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெசாவுக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது: பிரிட்டனின் வாக்ஸ்ஹால் உடல், அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சின். வெளியிலிருந்து புது எஞ்சின் கொண்டுவர உரிமமும் அந்நியச் செலாவணியும் எளிதில் கிடைக்காத நாட்டில், கையில் இருந்ததை மாட்டினார்கள். கான்டெசாவுக்காவது பிறகு இசுசு எஞ்சின் வாய்த்தது. ஸ்டாண்டர்ட் 2000-க்கு அதற்குள் காலம் முடிந்துவிட்டது. மாருதி 800 வந்து மைலேஜ் என்றால் என்னவென்று ஊருக்குக் காட்டிய பிறகு, இந்தக் காரை வாங்க ஆள் குறைவு. 1988-ல் உற்பத்தி நின்றது, ஆலையும் மூடியது.

அப்புறம் இங்கிலாந்திலிருந்து எஸ்டி1 உதிரிபாகம் விற்கும் வியாபாரிகள், மாட்டாமலே மிஞ்சிக் கிடந்த பாகங்களை விலைபேசி வாங்கிக் கப்பலேற்றினார்கள். சோலிஹல்லிலும் கவ்லியிலும் பிறந்த எஸ்டி1-களைத் துருவிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு வண்டலூரின் கதவும் தகடும் உதவின.